நாம் வாழும் மாநிலத்தின் வரவும் செலவும்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. தமிழ்நாட்டின் பட்ஜெட் வெளியாகும் நாளில் செய்தித்தாளைக் கருத்தூன்றிப் படிக்கிறோம். நாம் வாழும் மாநிலத்தின் பட்ஜெட் வெளியாகும் நாளிலோ பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அது நம்மவர் விவகாரம் அன்று என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை மஹாராஷ்டிரத்தை உதாரணமாகக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

முதலில் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மும்பையில் உத்தியோகம் பார்த்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் பெறுவோரிடம் மாதந்தோறும் 200 ரூபாய் தொழில் வரியாகப் பிடித்தம் செய்யப்படுகிறது. பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய். பிப்ரவரிக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு என்று பலரும் வியந்திருக்கக் கூடும். ஒருவர் ஒரு மாநிலத்துக்குச் செலுத்தும் தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டலாகாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு கூறுகிறது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இவ்வரம்பு 250 ரூபாயாகவே இருந்தது. பதினொரு மாதத்துக்கு 2,200 ரூபாய். பிப்ரவரியின் 300ஐச் சேர்த்தால் வரம்பு சரியாக நிரம்பிவிடுகிறது.

இவ்வரியின் வரலாறும் அறியத்தக்கது. 1972ஆம் ஆண்டையொட்டி மஹாராஷ்டிரத்தைக் கொடிய வறட்சி வாட்டிற்று. கிராமத்து ஏழைகளுக்கு வேலை கொடுத்துக் காக்க எழுந்தது வேலை உறுதித் திட்டம். அதற்கு நிதி திரட்டும் பொருட்டு 1975இல் தொழில் வரிச் சட்டம் இயற்றப்பட்டது. நகரத்து உத்தியோகஸ்தர் கொடுத்த பணம் கிராமத்தில் கிணறாகவும் சாலையாகவும் மாறிற்று. 2005இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு இத்திட்டமே முன்னோடி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த நம்மவர் பணமும் அதில் கலந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்தது கடைவீதி. 1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கினால் குறைந்த வருமானத்தை ஈடு செய்வது அதன் முக்கிய நோக்கம். பிற மாகாணங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பின்னர் நெடுங்காலம் விற்பனை வரியே மாநிலங்களின் முதுகெலும்பாக விளங்கிற்று. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. பொருள் எங்கு உற்பத்தியாகிறதோ அந்த மாநிலத்துக்கு அன்று, எங்கு நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே மாநிலப் பங்கு சேரும் என்பது புதிய முறை. திருப்பூர்ப் பனியனை தாதரில் வாங்குகிறோம் என்று கொள்வோம். நூறு ரூபாய் விலைக்கு 5 ரூபாய் வரி. அதில் இரண்டரை ரூபாய் மத்திய சர்க்காருக்கு. மீதி இரண்டரை ரூபாய் சேர்வது மஹாராஷ்டிரத்தின் கஜானாவுக்கு. பண்டம் நமது ஊரினது. வரியோ நாம் வாழும் ஊருக்கு. பெட்ரோல், டீசல், மதுபானம் ஆகியவை இம்முறைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின்மீது மாநிலங்கள் தனியே வரி விதிக்கின்றன.

வரவைப் பார்த்தோம். இனிச் செலவையும் கடனையும் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 202ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் தன் வரவு செலவு மதிப்பீட்டைச் சட்டசபையில் வைக்கவேண்டும். அதில் வருவாய்க் கணக்கு வேறு, மூலதனக் கணக்கு வேறு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, உதவித்தொகை போன்றவை முன்னதில் அடங்கும். அணை, பாலம், மருத்துவமனைக் கட்டடம் போன்றவை பின்னதில் அடங்கும்.

கடன் வாங்குதலே குற்றம் என்று கருதவேண்டுவதில்லை. குடியானவன் கடன் பட்டுக் கிணறு வெட்டினால், அக்கிணற்றின் விளைச்சலே கடனை அடைக்கும். கடன் பட்டு அரிசி வாங்கினாலோ, அரிசி தீர்ந்த பின்னும் கடன் நிற்கும். வருவாய்க் கணக்கிலேயே பற்றாக்குறை விழுந்து, அதை நிரப்பக் கடன் வாங்கும் மாநிலம் இந்த இரண்டாவது நிலையில் இருக்கிறது.

கடன் தாங்கத்தக்கதா என்பதை அறிய ஓர் எளிய கணக்குப் போடலாம். ஒரு மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி 100 ரூபாய், கடன் 25 ரூபாய், வட்டி நூற்றுக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். வட்டியைக் கட்டுவதற்கு மட்டும் புதுக் கடன் வாங்கினால், ஓராண்டில் கடன் 26 ரூபாய் 75 காசாகும். உற்பத்தி 110 ஆக வளர்ந்திருந்தால், கடன் அதில் நூற்றுக்கு 24 அளவுக்குக் குறைகிறது. உற்பத்தி 105 ஆக மட்டுமே வளர்ந்திருந்தால், நூற்றுக்கு இருபத்தைந்தரை அளவுக்கு ஏறுகிறது. வளர்ச்சி வட்டியை முந்தும் வரையில் சுமை கனக்காது. வட்டி வளர்ச்சியை முந்தினால் சுமை தானாகவே கனக்கும்.

இதை உணர்ந்தே மாநிலங்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டன. நிதிப் பொறுப்புச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் கர்நாடகம், ஆண்டு 2002. மஹாராஷ்டிரம் 2005இல் இயற்றிற்று. வருவாய்ப் பற்றாக்குறையை அறவே நீக்கவேண்டும், மொத்த நிதிப் பற்றாக்குறையை மாநில உற்பத்தியில் நூற்றுக்கு மூன்றாகக் குறைக்கவேண்டும் என்று பன்னிரண்டாவது நிதிக் குழு வகுத்த நெறி இச்சட்டங்களுக்கு வலுவூட்டிற்று.

எனினும் வேலிக்கு வெளியேயும் ஒரு வழி உண்டு. சர்க்கார் நேரே வாங்காமல், தன் கழகங்களின் பெயரால் கடன் வாங்கச் செய்து, அதைத் தன் பணத்திலிருந்து அடைப்பதே அவ்வழி. இத்தகைய கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிடப்போவதாக 2022இல் மத்திய சர்க்கார் அறிவித்தது. கேரளம் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2024இல் அவ்வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மாநிலத்தின் உரிமை எதுவரை, நாட்டின் நலன் எதுவரை என்பதே அங்கு எழுந்த வினா.

மாநிலங்களுக்குக் கடன் கொடுப்போர் யாவர்? ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் மாநிலக் கடன் பத்திரங்களை வாங்குவோர் பெரும்பாலும் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வைப்பு நிதிகள் ஆகியவையே. அவற்றில் இருப்பது நம்போன்றோரின் சேமிப்பு. ஆகவே நாம் வரி செலுத்துவோர் மட்டும் அல்லோம். ஒருவகையில் கடன் கொடுத்தவர்களும் ஆவோம்.

ஆதலால் அடுத்த பட்ஜெட் வெளியாகும்போது மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்ப்போம். வருவாய்க் கணக்கில் துண்டு விழுகிறதா? வாங்கிய கடன் எந்த வேலைக்குச் சென்றது? நூறு ரூபாய் வரவில் வட்டிக்கு மட்டும் எத்தனை ரூபாய் போகிறது? தணிக்கைத் தலைவரின் அறிக்கைகளும் சட்டசபையில் வைக்கப்பட்டு யாவருக்கும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் மீதுள்ள பற்றினை நாம் விடவேண்டுவதில்லை. ஆயினும் நம் குழந்தைகள் படிக்கும் பள்ளியும், நாம் குடிக்கும் நீரும், நாளை அவர்கள் சுமக்கப்போகும் கடனும் நாம் வாழும் மாநிலத்தின் ஏட்டில்தான் எழுதப்படுகின்றன. அந்த ஏட்டைப் படித்தறிவது நமது கடமை. கணக்குக் கேட்பது நமது உரிமை.