பழைய காருக்குப் புதிய பெட்ரோல் பம்பு

மோட்டார் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். டயரைப் பற்றிப் பேசுவார்கள். வர்ணம் பூசுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்ரோல் பம்பைப் பற்றிப் பேசுவோர் அரியர். அது ஒழுங்காக வேலை செய்யும் வரையில் அப்படி ஒன்று இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. அது நின்றால் காரும் நின்றுவிடும். நின்ற இடம் வீட்டு வாசலாக இருந்தால் கவலையில்லை. பாம்பன் பாலத்தின் நடுவிலே, இருபுறமும் கடல் இரைய, பின்னால் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நிற்க, அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1988ஆம் ஆண்டு அந்தச் சாலைப் பாலம் திறக்கப்படும் வரையில், இராமேசுவரம் தீவுக்குச் செல்ல இரயிலையும் படகையும் விட்டால் வேறு வழியில்லை. இன்று இராமநாதபுரத்தில் புறப்படும் கார், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால், அரிச்சல்முனை வரையிலும் 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. ஆகவே பழைய கார்களை ஆசையாக வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் இப்பக்கம் துணிந்து வருகிறார்கள்.

இராமநாதபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. தம் தந்தையார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அவர் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்திலே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் செய்து விற்ற கார் அது. ஆலை மூடப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் இந்தக் காருக்கு ஒரு பெரிய உறவு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்து புகழ் பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்துச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் ஒரே இத்தாலியர். ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் உலகெங்கும் இருப்பதால், அதற்கான உதிரிப் பாகங்கள் இன்றும் செய்யப்படுகின்றன. அவற்றில் பல நம் ஹெரால்டுக்கும் பொருந்துகின்றன. நண்பரின் பம்பு கெட்டுவிட்டது. கடைக்காரர் அவர் முன் மூன்று விதமான பம்புகளை எடுத்து வைத்து, “எது வேண்டுமோ எடுத்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். அவருக்கு நான் சொன்னதையே சற்று விரிவாக இங்கே சொல்லுகிறேன்.

பம்பு எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். மிகப் பழைய கார்களில் அது இல்லை. பெட்ரோல் தொட்டியை எஞ்சினுக்கு மேலான மட்டத்தில் வைத்துவிடுவார்கள். பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி ஆசனத்துக்கு அடியில் இருந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் தொட்டிக்கு மேலே போய்விடுமாதலால் பெட்ரோல் வராது. ஓட்டுகிறவர் காரைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டின்மேல் ஏற்றுவார்! பிற்காலத்தில் தொட்டி காரின் பின்பகுதிக்குப் போயிற்று. பள்ளத்திலிருக்கும் பெட்ரோலை இறைத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் பம்பு.

நம் ஊர் மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்பு’ என்று சொல்லுவது எஞ்சினின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் இயந்திரப் பம்பு. அதனுள்ளே டயாஃபிரம் என்னும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கொல்லன் துருத்தியை நினைத்துக் கொண்டால் போதும். எஞ்சினின் கேம் ஷாஃப்டு சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, சவ்வைக் கீழே இழுக்கிறது. பெட்ரோல் உள்ளே வருகிறது. அடியிலுள்ள வில் சவ்வை மேலே தள்ளுகிறது. பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குப் போகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பெட்ரோலை உறிஞ்சுவதுதான் எஞ்சினின் வேலை, அதை வெளியே தள்ளுவது வில்லின் வேலை. கார்ப்பரேட்டர் நிறைந்து தன் வாயை மூடிக்கொண்டால், சவ்வு கீழேயே தங்கிவிடும்; நெம்புகோல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், அழுத்தத்தை நிர்ணயிப்பது அந்தச் சிறு வில்லே. இவ்வளவு எளிய அமைப்பில் இவ்வளவு அடக்கத்தை வைத்தவர்களை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

மற்றொரு வகை மின்சாரப் பம்பு. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் மாரிஸ் மைனரிலும் எஸ்.யு. பம்பு இருந்தது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்துக் கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தொட்டி காலி என்று அர்த்தம். எஸ்.யு. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பத்தார் செருப்பு வியாபாரிகள். அவர்கள் செய்த முதல் கார்ப்பரேட்டரில் தோல் துருத்தியே இருந்தது. துருத்தி உவமை நான் கற்பித்தது மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி, தேர்ந்தெடுக்கும் விஷயம். பம்பு வாங்கப் போகிறவர் பெரும்பாலும், “இது எவ்வளவு பெட்ரோல் தள்ளும்?” என்று கேட்பார். அது அவ்வளவு முக்கியமான கேள்வியன்று. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஹெரால்டு, லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தால், ஒரு மணி நேரத்தில் குடிப்பது ஐந்தே லிட்டர். அறுபது குதிரைச் சக்தியுள்ள ஸ்பிட்ஃபயர் முழு வேகத்தில் விரைந்தாலும் இருபது லிட்டருக்குள்தான் செலவாகும். எந்த நல்ல பம்பும் இதைக் கொடுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி அழுத்தத்தைப் பற்றியது.

கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஓர் ஊசியை நெட்டி வழியை அடைக்கிறது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாயும் இப்படித்தான். ஊசியை மூடி வைத்திருப்பது மிதவையின் சிறு பலம் ஒன்றே. சதுர அங்குலத்துக்கு இரண்டரை முதல் மூன்றரை பவுண்டு அழுத்தம் வரையில் அது தாங்கும். அதற்கு மேற்பட்டால் ஊசி தூக்கிக் கொள்ளும், கிண்ணம் வழியும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கார்ப்பரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வழிகிற பெட்ரோல் எதன்மேல் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காரில் தீப்பற்றுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

இக்காலத்துக் கார்களில் பெட்ரோலைப் பீச்சியடிக்கும் இஞ்செக்‌ஷன் முறை இருக்கிறது. அவற்றின் பம்பு நாற்பது பவுண்டுக்கு மேல் அழுத்தம் தரும். நண்பர் முன் இருந்த மூன்று பம்புகளில் ஒன்று இந்த வகை. புத்தம் புதியது, விலையும் குறைவு. அதை நான் தொடவேண்டாம் என்றேன். இன்னொன்று, சிறு கனசதுரப் பெட்டி போன்ற மின்சாரப் பம்பு. இதில் ஒரு சூது இருக்கிறது. இரண்டு பவுண்டு தருவதும் ஏழு பவுண்டு தருவதும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். மேலே பொறித்த எண்ணைப் படித்தால்தான் தெரியும். கடைக்காரர் சொல்லை நம்பாமல் எண்ணைப் படிக்க வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் இந்தக் கடற்கரைக்கென்று மூன்று எதிரிகள் உண்டு. முதலாவது வெப்பம். பெட்ரோல் ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் சித்திரை வெயிலின் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்போ கொதிக்கும் எஞ்சினோடு ஒட்டியிருக்கிறது. அது உறிஞ்சுவதால் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் ஆவியாதல் இன்னும் எளிதாகிறது. துருத்தி ஆவியை அமுக்கிக் கொண்டிருக்குமே தவிர, பெட்ரோலைத் தள்ளாது. ஓடும்போது காற்று பட்டுத் தப்பித்த கார், கோயில் வாசலில் பத்து நிமிஷம் நின்றபின் கிளம்ப மறுப்பது இதனால்தான். பழைய லாரி டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவார்கள். அது மூடநம்பிக்கை அன்று, நல்ல பௌதிகம்.

இரண்டாவது எதிரி புதியது. 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025க்குள் அது நாடெங்கும் பரவியது. பழங்காலத்து டயாஃபிரமும் ரப்பர் குழாயும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பிப் போகும், அல்லது விறைத்து வெடிக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக் கொள்ளும். கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நெடுநாள் நிறுத்தி வைத்த காரின் தொட்டியில் பெட்ரோலும் தண்ணீரும் பிரிந்து, தண்ணீர் அடியில் தங்கும். ஆகையால் வாங்கும் பம்பில் ஃபுளோரோ ரப்பர் வகை டயாஃபிரம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அலமாரியில் முப்பது ஆண்டு தூங்கிய “ஒரிஜினல்” பம்பு, பெட்டி பிரிக்காததாயினும், சவ்வை மாற்றாமல் பயன்படாது. பழமைப் பிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது உப்புக் காற்று. மின்சாரப் பம்புக்குச் சட்டத்தோடு ஓர் இணைப்பு வேண்டும். அது துருப்பிடித்தால் பம்பு சோர்ந்துவிடும். பழைய எஸ்.யு. பம்பின் உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் முனைகளும், ஓடாமல் கிடந்தால், களிம்பேறும்.

மின்சாரப் பம்புக்கு ஒரு மேன்மை இல்லாமலில்லை. தொட்டியின் அருகிலேயே வைத்துவிட்டால் அது பெட்ரோலை இழுக்காமல் தள்ளுகிறது, ஆவியடைப்புக் குறைகிறது. ஆனால் விபத்து நேர்ந்து எஞ்சின் நின்ற பின்பும், சாவி திறந்திருக்கும் வரையில், அறுந்த குழாய் வழியே அது பெட்ரோலைக் கொட்டிக் கொண்டே இருக்கும். ஆகவே மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் ஃபியூசும் இன்றி அதைப் பொருத்தவே கூடாது. இயந்திரப் பம்பு, எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். ஹெரால்டுக்கு நான் இயந்திரப் பம்பையே சொன்னேன். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போகிறவருக்கு, அந்த ஒரு குணத்துக்காகவே அது போதும். எம்.ஜி. போல மின்சாரப் பம்போடு பிறந்த கார் வைத்திருப்பவர்கள் மின்சாரத்திலேயே இருக்கலாம். முனைகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்து, பழைய அழுத்தத்தையே தரும்படி செய்தவை கிடைக்கின்றன.

பொருத்துவதில் ஒரு நுட்பம். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே வெப்பம் தாக்காத கனத்த துண்டு ஒன்று உண்டு. பழைய பம்பைக் கழற்றும்போது சிலர் அதைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். அது வெப்பத்தைத் தடுப்பதோடு, நெம்புகோலின் தூரத்தையும் அளந்து கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் நெம்புகோல் கேமோடு முட்டி முறியும். கனம் கூடினால் சவ்வு போதிய அளவு அசையாது. பழைய நெம்புகோலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வளைவை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். பிறகு, உள்வரும் வாயை விரலால் மூடி நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். விரலைச் சில விநாடி இழுத்துப் பிடித்தால் வால்வுகள் சரி. ரப்பர் குழாயும் புதிதாக வேண்டும்; எஸ்.ஏ.இ. 30 ஆர் 9 என்று அச்சிட்டது எத்தனாலைத் தாங்கும். தொட்டியின் பழைய கசடுகளை எத்தனால் கரைத்துக் கொண்டுவருமாதலால், பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைத்து, முதல் மாதத்தில் அதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இயந்திரப் பம்பின் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கிவிடும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் அளவுகோலை உருவிப் பாருங்கள். எண்ணெயின் மட்டம் ஏறியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ, பம்பைக் கழற்றி, எண்ணெய் முழுவதையும் மாற்றிய பிறகே எஞ்சினை மறுபடி முடுக்க வேண்டும்.