ஆட்டுக்கல் குழியில் ஒரு குளம்

கிரைண்டர் வந்து சேர்ந்த நாள் முதலாக உத்தியோகம் இழந்து, கொல்லைப்புறத்து வாழையடியில் மழைக்கும் வெயிலுக்கும் கிடக்கும் எங்கள் ஆட்டுக்கல்லை வீட்டார் மறந்துவிட்டாலும் கொசுக்கள் மறக்கவில்லை. ஐப்பசி மழை அதன் குழியில் ஒரு படி ஜலத்தைத் தேக்கிவிட்டுப் போன சில தினங்களில் குனிந்து நோக்கினால், நூலிழை போன்ற புழுக்கள் தலைகீழாகத் தொங்கியபடி வால்நுனிக் குழலால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதையும், நம் நிழல் பட்ட மாத்திரத்தில் நெளிந்து நெளிந்து அடியில் இறங்குவதையும் காணலாம். இதற்குக் கூத்தாடி என்று பெயர் வைத்தவர் யாரோ, நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர் வெப்பத்தில் இந்தக் கூத்து ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் நடக்கும். அதற்குள் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகிச் சிறகும் பெற்றுவிடும். சிறகு முளைத்த பின் சுருளைக் கொளுத்துவதும், நொச்சித் தழையைப் புகையவிடுவதும், மின்சார மட்டையைச் சுழற்றுவதும் அன்றைய இராத்திரிக்கு உபகாரமாகலாமேயன்றி, மறுநாள் பிறக்கப்போவதை அவை தடுப்பதில்லை.

கொசு என்று ஒரே பெயரால் நாம் ஏசினாலும் அவற்றுள் ஜாதிபேதம் உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகுவது; தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் சன்னமான வலையைக் கட்டிவிட்டால் அதன் போக்குவரத்து பெரிதும் நின்றுபோகும். மலேரியாவுக்குக் காரணமான அனாபிலிஸோ வேறு ரகம். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டு, 1902இல் நோபல் பரிசும் பெற்றார் அல்லவா, அந்த இனம்தான். அதன் ஒரு வகை, மூடாத கிணற்றையும் மொட்டைமாடித் தொட்டியையும் வாசஸ்தலமாகக் கொண்டு சென்னை போன்ற பட்டணங்களில் வாழ்கிறது. கிணற்றில் புழு தின்னும் கம்பூசியா மீனை விடும் வழக்கம் உண்டு. ஆனால் ஏரி குளங்களில் அதை விட்டால் நம் நாட்டு மீன்குஞ்சுகளையும் அது விழுங்கிவிடும்.

டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ், காலில் வெள்ளை வரிகளோடு பகலிலேயே கடிக்க வரும் ஆசாரசீலி. அதற்குச் சுத்த ஜலமே வேண்டும். பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர், குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று நாம் பிடித்துவைக்கும் டிரம் ஆகிய எல்லாமே அதற்குப் பிரசவ அறைதான். அதன் முட்டை நீருக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரை வைத்திருந்து, நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவதோடு நில்லாமல், தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, பிறகே நிரப்பி, இடுக்கில்லாமல் துணி கட்டி மூட வேண்டும்.

ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும், என்னால் ஆகவில்லை. குழவியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குழி விளிம்பு வரை மண்ணைக் கொட்டி ஒரு கற்பூரவல்லிக் கிளையை ஊன்றினேன். இப்போது இரண்டு இலை விட்டிருக்கிறது.