கைக்கடிகாரம் அளப்பது எது, ஊகிப்பது எது?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் மட்டுமல்ல, மின்பெட்டிக்குப் போகும் ஃபியூஸ் கேரியரும் செய்கிறார்கள். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டுக்கு அசையாது. ஸ்மார்ட் வாட்ச் செய்பவர்கள் பீங்கானைத் தேடிப் போனதற்கும் அதன் இயல்புதான் காரணம். உலோகத் தகடு ரேடியோ அலைகளை மறிக்கும், பீங்கான் வழிவிடும். 2016-ல் ஆப்பிள் நிறுவனம் ஒரு கடிகாரத்தின் கூட்டையே வெள்ளைப் பீங்கானில் செய்தது. 2018 மாடலின் பின்தட்டைப் பீங்கானாலும் சஃபயர் படிகத்தாலும் அமைத்தது. அது அகல்விளக்கு செய்யும் களிமண் அல்ல, சிர்க்கோனியா என்ற உயர்வகைப் பீங்கான்.

வேப்பூர் கூட்டுரோட்டில் பேருந்துக்கு நிற்கும் கல்லூரி மாணவரின் கையிலும் இன்று ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. அதைக் கழற்றித் திருப்பினால் பச்சை ஒளி மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். கடிகாரம் நேராகப் பார்ப்பது இந்த ஒளியையும் கையின் அசைவையும், சில மாடல்களில் சிறிதளவு மின்னோட்டத்தையும் தோலின் வெப்பத்தையும்தான். மற்றதெல்லாம் மென்பொருள் போடும் கணக்கு.

அந்த மென்பொருளுக்குப் பெரிய எதிரி பேட்டரி. 2000-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சந்திரா நாராயணசுவாமி உள்ளிட்டோர் லினக்ஸ் இயங்குதளத்தையே ஒரு கைக்கடிகாரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து அதை ‘வாட்ச்பேட்’ ஆக்கினார்கள். ஆனாலும் முழுக் கணினியின் பசிக்கு அந்தச் சின்ன பேட்டரி ஈடுகொடுக்கவில்லை; அது கடைக்கு வரும் சரக்காக மாறவில்லை.

2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்த்த பெபிள் என்ற ஸ்மார்ட் வாட்ச் நிறுவனம், எதிர்த் திசையில் போனது. சில கிலோபைட் இடத்தில் அடங்கிவிடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு மென்பொருள் கருவைக்கொண்டு தன் இயங்குதளத்தை அமைத்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் ஒரு வாரம் வரை ஓடியது. 2014-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு வேர், 2015-ல் ஆப்பிள் வாட்ச் எனப் பெரிய இயங்குதளங்கள் வந்தன. செயலிகள் பெருகின, சார்ஜ் ஒரு நாளாகச் சுருங்கியது. டைசன் என்ற சொந்தத் தளத்தை வைத்திருந்த சாம்சங், 2021-ல் கூகுளோடு கைகோத்தது. 2024-ல் வந்த ஒன்பிளஸ் வாட்ச் 2 சிறியது, பெரியது என இரண்டு வகைத் தளங்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. நாள் முழுக்க நாடி பார்க்கும் சில்லறை வேலைக்குச் சிறிய தளம். வரைபடம், செயலி என்று கேட்டால் மட்டும் பெரியது விழிக்கும்.

தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கி, ஓசூரில் ஆலை நிறுவிய டைட்டனும் 2016-ல் எச்.பி.யுடன் இணைந்து ‘ஜக்ஸ்ட்’ என்ற ஸ்மார்ட் வாட்சைக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கடைகளில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிறிய தளத்தில் ஓடுபவைதான். விலை குறைவு, பேட்டரியும் நிற்கும். அவற்றுக்குள் ஓடும் ஆரோக்கியக் கணக்கைச் சோதித்தது யார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வேப்பூர் ஆட்டுச்சந்தையில் கைதேர்ந்த வியாபாரி ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் அது தராசு அல்ல. கடிகாரத்தின் எண்களும் அப்படித்தான், ஒவ்வொன்றின் நம்பகமும் வேறு வேறு.

உட்கார்ந்திருக்கும்போது காட்டும் நாடித்துடிப்பை ஓரளவு நம்பலாம். கை வேகமாக அசைந்தாலோ பட்டை தளர்ந்தாலோ பிசகும். இ.சி.ஜி. வசதி 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியுடன் ஆப்பிள் வாட்சில் வந்தது. மறுகை விரலைத் திருகில் வைத்தால் மின்சுற்று முழுமையாகி, ஒற்றை இழை இ.சி.ஜி. பதிவாகும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பை அது காட்டிக்கொடுக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கடிகாரத்தின் நாடி உணரி 2,161 பேரை எச்சரித்தது. அவர்களில் இ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு தென்பட்டது.

ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் முறைக்கு 1970-களில் ஜப்பானின் தக்குவோ அயோயாகி வழிகாட்டினார். சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளிகள் வேண்டும். கருந்தோலில் இந்த அளவீடு தவறக்கூடும். மருத்துவமனை ஆக்ஸிமீட்டர்களே கறுப்பின நோயாளிகளின் ஆக்ஸிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் கவனிக்கத் தவறின என 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. மாநிறமும் கறுப்புமான நமக்கும் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

ரத்த அழுத்தம் இன்னும் சிக்கல். சாம்சங் கடிகாரத்தை 28 நாளுக்கு ஒரு முறை கைப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆப்பிள் 2025-ல் தந்த வசதி எண்ணே காட்டாது. 30 நாள் தரவை அலசி, உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம் என்று மட்டும் சொல்லும். 2023-ல் வாங்கிய கடிகாரத்துக்கும் மென்பொருள் புதுப்பிப்பிலேயே அது வந்து சேர்ந்தது. இயங்குதளத்தின் வலிமை இதில் தெரிகிறது. குத்தாமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என 2024 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போடுவது உயிருக்கே ஆபத்து.

எந்தக் கடிகாரமானாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள்; தன் கடிகாரத்தால் அது முடியாது என்று ஆப்பிளே சொல்கிறது. அதற்கு 12 இழை இ.சி.ஜி. வேண்டும். நெஞ்சு வலித்தால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரைகள் தருகிறார்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறது. கடிகாரம் எச்சரித்தால் மருத்துவரிடம் போங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.