மழைச் சாலைக்கு ஒரு டயர், 402 மீட்டருக்கு இன்னொன்று

எஞ்சின் வேலை முடிந்து, எக்ஸாஸ்ட் மாற்றி, கிளட்ச் போட்டு, மிஞ்சிய பணத்தில் கடைசியாக வாங்கப்படுவது டயர். மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மஸ்ஜித் தானாவிலும் பழைய புரோட்டோன் சத்ரியாவையும் ஹோண்டா சிவிக்கையும் பெரோடுவா மைவியையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கும் நம் இளைஞர்களிடம் இந்த வரிசை மாறுவதில்லை. அதனால்தான் கடையில் எழும் கேள்வியும் ஒன்றாகவே இருக்கிறது: சனிக்கிழமை டிராக் எனப்படும் நேர்கோட்டுப் பந்தயத்தில் 402 மீட்டர் பாயவும், திங்கட்கிழமை வேலைக்குப் போகவும் ஒரே டயர் கிடைக்குமா? 'செமி ஸ்லிக் போடுங்கள், இரண்டுக்கும் ஆகும்' என்று, வரிப் பள்ளம் குறைந்த பந்தய வகை டயரைக் காட்டிப் பதில் வரும். மலாக்காவின் மழைக்கும் சாலைக்கும் அந்தப் பதில் தவறு என்பது என் கருத்து. சாலைக்கு நல்ல மழை டயர் நான்கு, பந்தயத்துக்கென்று தனி ரிம்மில் இன்னொரு ஜோடி என்று பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. கணக்குப் பார்த்தால் சிக்கனமும் அதுதான்.

ரப்பரின் குணத்திலிருந்தே தொடங்கலாம். அதற்கு மலாக்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி தூண்ட, தான் சாய் யான் என்ற சீன வணிகர் 1896இல் வணிக நோக்கில் ரப்பர் கன்றுகளை நட்டது இங்கே, புக்கிட் லிந்தாங்கில்தான். பிறகு புக்கிட் அசகானில் தோட்டம் பெரிதாக விரிந்தது. அந்தத் தொழில் வளர வளர, இந்த மாநிலத்துத் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கு நம் முன்னோர். அவர்கள் வெட்டிய பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் எளிதில் கிழியாது, சூடேறுவதும் குறைவு. லாரி டயரும் விமான டயரும் இன்றுவரை அதையே பெரிதும் நம்பியிருப்பது அதனால்தான். ஆனால் தார்ச்சாலையை இறுகப் பிடிக்கும் டயருக்கு வேண்டியது வேறு குணம். சாலையின் மேடுபள்ளத்தில் அழுந்தி, அந்த ஆற்றலைத் திருப்பித் தராமல் வெப்பமாக விழுங்கும் ரப்பர் அதற்கு வேண்டும். கார் டயரின் மேற்பரப்பில் செயற்கை ரப்பரும் பிசினும் கூடுதலாகச் சேர்வது இதற்காகத்தான். பிடிப்பைக் கூட்ட மென்மையாக்கினால் தேய்மானம் கூடும். தேய்மானத்தைக் குறைக்கக் கடினமாக்கினால் பிடிப்பு குறையும். எந்தத் தொழிற்சாலையும் இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து முழுதாகத் தப்பியதில்லை.

டயரின் பக்கச் சுவரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்கத் தரமுறைப்படி அங்கே ஒரு தேய்மான எண் அச்சாகியிருக்கும். டெக்சஸ் மாநிலத்தில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு பொருத்தித் தரும் எண் அது. தயாரிப்பாளரே தன் டயருக்கு இடும் மதிப்பெண் என்பதால் இரு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் கவனம் வேண்டும். ஆனாலும் போக்கு தெளிவு. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயரில் 320, யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர் டயரில் 180, டோயோ ஆர்888ஆர் டயரில் 100. செமி ஸ்லிக்கான இந்தக் கடைசி வகை டயர்களில் வரிப் பள்ளங்கள் புதிதாக இருக்கும்போதே ஆழம் குறைவு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பந்தய வகை ரப்பர் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகும். தினமும் வேலைக்குப் போய்வரும் ஓட்டத்திலேயே அந்தச் சூடும் ஆறலும் செலவாகிவிடும். எதற்காக அதிக விலை கொடுத்து வாங்கினோமோ அந்தப் பிடிப்பை ஆயர் கெரோ டோல் வரிசையில் தேய்த்துவிட்டு, பந்தய நாளில் இறுகிய டயரோடு நிற்பது யாருக்கு லாபம்?

இனி மழை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகலில் அடித்துக் கொட்டும் இடிமழையில், தண்ணீரை ஒதுக்க முடியாத டயர் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விமான டயர்களைச் சோதித்து 1960களில் ஒரு சூத்திரம் தந்தது. கிலோபாஸ்கலில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 6.34ஆல் பெருக்கினால், வரிப் பள்ளம் சமாளிக்க முடியாத அளவு நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிடைக்கும். 220 கிலோபாஸ்கலில் அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். பந்தயத்தில் பாய்ச்சலுக்காகக் காற்றை 120 வரை இறக்குவார்கள். அப்போது அது 70க்கு வந்துவிடும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110. பந்தயத் திடல் உள்ள செப்பாங்கிலிருந்து மலாக்கா நகருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். காற்றை நிரப்ப மறந்து, ஆழமில்லாத வரிகளோடு, மழையில் அந்தச் சாலைக்கு வருபவன் காரில் தனியாக இருப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்த டோயோ டயருக்கே ஈரப்பிடிப்பில் 'டபுள் ஏ' என்ற உச்சத் தரம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை நனைந்த தரையில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், நேர்கோட்டில் சக்கரத்தைப் பூட்டிப் பார்ப்பது. தேங்கிய நீரில் மிதப்பதையோ வளைவில் வழுக்குவதையோ அது அளப்பதில்லை. மழையில் மெதுவாகப் போனால் போதாதா என்றால், போகத்தான் வேண்டும்; எந்த டயருக்கும் அது பொருந்தும். ஆனால் பள்ளத்தில் தேங்கிய நீர் முன்னறிவிப்போடு வருவதில்லை.

முன்சக்கரத்துக்கு மட்டும் ஒட்டும் டயர் போட்டால் என்ன என்பது அடுத்த யோசனை. அமெரிக்க டிராக் டயர் அறிவுரைகளில் பல, பின்சக்கரம் இழுக்கும் கார்களை மனதில் வைத்தவை. நம் சிவிக்கும் மைவியும் முன்சக்கரம் இழுப்பவை. பாய்ச்சலில் எடை பின்னால் சாய்வதால் முன் டயர் சுழன்று வீணாகும். ஆகவே பந்தயக்காரர்கள் முன்னால் மென்மையான டயரும் பின்னால் காற்று இறுகிய கடின டயரும் போடுவார்கள். நேர்கோட்டில் அது சரி. அதே ஏற்பாட்டோடு, செம்பனை லாரிகள் சேற்றைச் சிந்திவிட்டுப் போன ஈரமான தோட்டத்துச் சாலை வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் விலகிக் கார் சுழலும். தண்ணீர் ஆழமாக இருந்தால் நிலைமை தலைகீழ்: முன்பக்கம் மிதந்து ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. இரண்டில் எது நடக்கும் என்று ஓட்டுபவர் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பணம்தான் கடைசித் தடை; தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் நான்கு பந்தய வகை டயர்களைத் தினசரி ஓட்டத்தில் தேய்த்து அடிக்கடி மாற்றுவதைவிட, நீண்ட நாள் உழைக்கும் சாலை டயர் நான்கும், பழைய ரிம்மில் மாட்டிய பந்தய டயர் இரண்டும் மொத்தத்தில் குறைவாகவே முடியும். முன்சக்கரக் காருக்குப் பந்தய டயர் இரண்டே போதும். அவை பின்னிருக்கையிலும் காரின் பின்பெட்டியிலும் அடங்கும். ரிம் வாங்கும்போது பிரேக் காலிப்பரில் உரசாத அளவா என்று மாட்டிப் பார்க்க வேண்டும். பயன்படுத்திய டயரென்றால், பக்கச் சுவரில் வாரமும் ஆண்டும் காட்டும் நான்கு இலக்கத்தைப் படித்து, இறுகிப்போன பழையதை ஒதுக்க வேண்டும். பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்த ஜோடிக்கு வேலை பந்தயத் திடலில் மட்டுமே. அங்கே போய் மாட்டி, ஓடி முடித்ததும் கழற்றி, சாலை டயரை மாட்டிக் காற்றை 220க்குச் சரிபார்த்துக் கிளம்ப ஒரு ஜேக், ஒரு ஸ்பேனர், ஒரு காற்றளவி, அரைமணி நேரம் போதும்.