எடை குறைந்தது, வலிமை எங்கே?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவரை அண்மையில் காணச் சென்றோம். உடற்பருமன் நீங்க இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஆள் அடையாளம் தெரியாதபடி இளைத்திருந்தார். எனினும் கடைக்கு மேலுள்ள வீட்டின் மரப்படிகளில் ஏறுகையில், பாதியில் நின்று மூச்சு வாங்கினார். "வயிற்றை அறுத்த உடம்பென்று வீட்டில் என்னை அசைய விடுவதில்லை" என்றார். அன்பினால் விளைந்த தடைதான். ஆயினும் அதனால் அவருக்கு நேர்வது நன்மையன்று.

இச்சிகிச்சையில் இருவகை பெருவழக்கு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய் போலாக்குவர். 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைப்பர்; 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் தொடங்கிவைத்தது இது. எம்முறையாயினும் ஆகாரம் வெகுவாகக் குறையும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. தசை கரைந்தால் படியேறும் வலிமை ஏது? ஆதலின் எடை குறைந்த பின்னரே உடற்பயிற்சிக்கு முதன்மையான வேளை வருகிறது.

அப்பயிற்சிகளுள் ஒன்று, கடுமுயற்சியையும் இளைப்பாறுதலையும் மாற்றி மாற்றிச் செய்வது. செக்கோஸ்லோவாகிய வீரர் எமில் ஜாடோபெக் விரைந்தோடுவதும் மெல்ல ஓடுவதுமாக இவ்வாறே பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவ்வளவு தொலைவு செல்வானேன்? ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில் தலைமுறைகளாக உழைக்கும் நம் தமிழ் மக்களைப் பாருங்கள். கல்லில் ஓங்கி அடிப்பர், பின் நிதானமாக அலசுவர், மீண்டும் அடிப்பர். உழைப்புக்கிடையே உடல் மூச்சைத் திரும்பப் பெறுகிறது.

சிகிச்சை பெற்றவர் இதனை எடுத்த எடுப்பில் செய்தலாகாது. முதல் வாரங்களில் மெல்ல நடத்தலே போதும்; பளு தூக்குதல் கூடாது. சில மாதங்கள் நடந்து பழகி, மருத்துவரின் இசைவு பெற்றபின் தொடங்கலாம். ஐந்து நிமிடம் மெல்ல நடந்து உடலைச் சூடேற்றுக. பின் ஒரு நிமிடம், நாலைந்து சொற்களுக்கு மேல் பேச இயலாத விரைவில் நடக்க. இரண்டு நிமிடம் மெதுவாக நடக்க. இவ்வாறு நான்கு முறை செய்து, மெல்ல நடந்து முடிக்க. வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒருநாள் போதும். இது இதயத்தையும் மூச்சையும் வலுப்படுத்தும். தசையைக் காக்க, வாரம் இருநாள் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் போன்ற பயிற்சியும், மருத்துவர் குறிக்கும் அளவு புரத உணவும் வேண்டும்.

கொச்சியின் புழுக்கத்தில் வியர்வை மிகும். சுருங்கிய இரைப்பையோ ஒரே மூச்சில் நீர் ஏற்காது. ஆகவே நாள் முழுதும் சிறுகச் சிறுகப் பருகுக. தலைசுற்றல், நடுக்கம், நெஞ்சுவலி, வயிற்றுவலி தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. நீரிழிவு மருந்து உண்போர் அதன் அளவை முன்னரே கேட்டறிதல் நலம். வைட்டமின், இரும்புச் சத்து மாத்திரைகளை நாமாக நிறுத்தலாகாது.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை நாற்காலியில் அமர்த்தி உபசரிப்பதினும், விடியற்காலையில் அவருடன் கடற்கரை வரை நடந்து செல்வதே மெய்யான பணிவிடை. நம் அன்பரின் மனையாளிடமும் இதனையே சொல்லி வந்தோம். மறுநாள் முதல் இருவரும் நடக்கத் தொடங்கியதாக அறிந்து மகிழ்ந்தோம்.