கம்பெனி வாசலோடு நின்றுவிடும் 69 சதவீதம்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் பெரியபாளையம் ரோடு பிரிகிற இடம் புதுவாயல். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் தேர்வாய்கண்டிகை சிப்காட், மீஞ்சூர் பக்கம் போனால் அனல் மின் நிலையங்கள். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன்கள் வரிசை கட்டிப் போகும் ஊர் இது. இங்கே "வேலையே இல்லை" என்று யாரும் சொல்வதில்லை. "நமக்கு வேலை இல்லை" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இட ஒதுக்கீட்டில் வந்து முட்டும். "69 சதவீதம் வந்ததால்தான் தகுதிக்கு மதிப்பு போச்சு" என்பார் ஒருவர். "அது இருந்ததால்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை படித்தான்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கவனிக்காமல் விடுவது, அந்த 69 சதவீதத்துக்கும் எதிரே தெரியும் தொழிற்சாலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதை.

தமிழ்நாட்டின் 69 சதவீதம் 1993-ம் ஆண்டுச் சட்டத்தில் உறுதியாகி, 1994-ல் 76-வது அரசியல் சட்டத் திருத்தம் வழியாக ஒன்பதாவது அட்டவணைக்குள் பாதுகாக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இது கல்வி நிலையங்களுக்கும் மாநில அரசுப் பணிகளுக்கும் உரியது. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு பேசுவதும் அரசுப் பணியைப் பற்றித்தான். தனியார் நிறுவனம் ஆள் எடுக்கும்போது இந்தக் கணக்கு எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. வல்லூர் அனல் மின் நிலையம் போன்ற பொதுத்துறை இடங்களில்கூட நேரடி நியமனத்துக்குத்தான் ஒதுக்கீடு. அதே வளாகத்துக்குள் கான்ட்ராக்டர் கூட்டி வரும் ஆட்களுக்கு இல்லை. நிரந்தர வேலை சுருங்கச் சுருங்க, கான்ட்ராக்ட் பெருகப் பெருக, ஒதுக்கீடு செல்லுபடியாகும் நிலமும் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வருகிறது.

தனியார் துறைக்கும் ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2004-ல் அமைந்த மத்தியக் கூட்டணி அரசின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில் அதுபற்றித் தேசிய அளவில் பேசுவோம் என்று எழுதினார்கள். தொழில் கூட்டமைப்புகள் "சட்டம் வேண்டாம், நாங்களே செய்கிறோம்" என்று 2006 வாக்கில் தன்னார்வ நடத்தை விதிகளை முன்வைத்தன. அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கீடு என்ற இன்னொரு பாதையும் இருக்கிறது. ஆந்திரம் 2019-ல் 75 சதவீதச் சட்டம் போட்டது. ஹரியாணா, மாதம் 30,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்மாநிலத்தாருக்கு என்றது. பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அதை ரத்து செய்தது. கர்நாடகம் 2024 ஜூலையில் மசோதா என்று அறிவித்துவிட்டு, தொழில் துறையின் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டிலும் தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 75 சதவீத வாக்குறுதி இருந்தது. ஆக, "மண்ணின் மைந்தருக்கே வேலை" என்று மேடையில் கேட்டால் கைதட்டலாம். அதை நம்பி ஐ.டி.ஐ. முடித்த பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

உள்ளூர்க்காரருக்கு வேலை இல்லை என்ற கோபம் இந்தப் பகுதிக்கு இருப்பதில் வியப்பில்லை. தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டுக்காக எடுக்கப்பட்டது, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் கிராமம் ஆடு மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த நிலம். அங்கே ஆலை அமைத்த மிஷலின் டயர் நிறுவனத்தின் மீது, கிராமச் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகள் சிலவும் சேர்ந்து 2012-ல் பிரான்ஸ் வரை போய்ப் புகார் கொடுத்தன. மேய்ச்சல் நிலம் போன ஊருக்கு வேலை ஒரு சலுகையாகத் தெரியாது. இழப்புக்கு வர வேண்டிய ஈடாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் போய் விழுவது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பையன்கள் மீது. இது குறி தவறிய கோபம் என்பது என் எண்ணம். "லோக்கல் ஆள் வேண்டாம், லீவு போடுவான், சங்கம் வைப்பான்" என்று ஒரு மேஸ்திரி சொன்னால், உள்ளூர்க்காரனை அவர் தள்ளுவது அவனால் கேள்வி கேட்க முடியும் என்பதற்காக. வடக்கிலிருந்து வந்தவனைச் சேர்த்துக்கொள்வது அவனால் முடியாது என்பதற்காக. இரண்டும் ஒரே கணக்குதான்.

ஒதுக்கீடு இல்லை என்பதால் யாரை வேண்டுமானாலும் என்ன காரணம் சொல்லியும் ஒதுக்கலாம் என்று ஆகிவிடாது. பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதி, வெவ்வேறு சட்டங்களில் துண்டு துண்டாக, தனியார் நிறுவனத்தின் மீதும் இருக்கிறது. அந்தத் துண்டுகளைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சாதி. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவது பெரும்பாலும் போய்விட்டது, இனிஷியல்தான். அதனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வரும். "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? அங்கே யாரைத் தெரியும்?" பயோடேட்டாவில் இல்லாததை முகவரியில் தேடுவது இது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) அடி உதைக்கும் வசவுக்கும் மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். 2015-ல் வந்த திருத்தம், பிறருக்குத் திறந்திருக்கும் ஒரு தொழிலிலோ வேலையிலோ பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர் சேர்வதைத் தடுப்பதையும் 3(1)(za) பிரிவில் குற்றமாக்கியது. தண்டனை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை, அபராதமும் உண்டு. நிரூபிப்பது கடினம்தான். "உன் சாதிக்கு வேலை இல்லை" என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்திலேயே சாதிக் கட்டம் இருந்தாலோ, ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் "காலனி ஆள் வேண்டாம்" என்று குரல் பதிவு அனுப்பினாலோ, அது சாட்சி. அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

பெண்களுக்குப் பாகுபாடு வேறு வடிவில் வரும். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களைச் சேர்க்க வேண்டாம் என்று ஆள் எடுக்கும் ஏஜென்டுகளுக்குச் சொல்லப்பட்டதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சம ஊதியச் சட்டம் 1976-ன் 5-வது பிரிவைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 வந்திருக்கிறது; அதன் 3-வது பிரிவிலும் இதே தடை தொடர்கிறது. "திருமணம்" என்ற சொல் சட்டத்தில் இல்லையே என்று கம்பெனி வக்கீல் வாதிடலாம். ஆனால் திருமணமான ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்டால் அது வேறென்ன? ராணுவச் செவிலியர் பணியிலிருந்து திருமணத்துக்காக நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் வழங்கச் சொல்லி, உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இதைப் பாலினப் பாகுபாடு என்றே சொன்னது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி அரசில் 4 சதவீதம் உண்டு. தனியாரில் கட்டாயம் இல்லை. ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடுவது தனியாருக்கும் கடமை. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள் எவை என்பதும் அதில் இருக்க வேண்டும். எச்.ஆரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் முழிப்பார்கள். திருநர்களை ஆள் எடுப்பில் ஒதுக்குவதையும், எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதையும் தனிச் சட்டங்கள் தடுக்கின்றன.

தகுதி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வட கரோலினாவின் ஒரு மின் நிலையத்தில், கறுப்பின ஊழியர்கள் கூலி வேலைப் பிரிவில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தார்கள். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965-ல் அமலுக்கு வந்த அன்றே, மற்றப் பிரிவுகளுக்குப் பள்ளிச் சான்றிதழோடு எழுத்துத் தேர்வும் வேண்டும் என்றது நிறுவனம். வேலைக்கும் தேர்வுக்கும் தொடர்பில்லை. 1971-ல் கிரிக்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: வேலைக்குத் தேவையென்று காட்ட முடியாத தகுதி, ஒரு கூட்டத்தை மொத்தமாக வெளியே நிறுத்தினால், நோக்கம் எதுவாக இருந்தாலும் அது பாகுபாடு. பொட்டலம் கட்டும் வேலைக்கு டிகிரி கேட்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வரும். நம் சட்டத்தில் தனியார் வேலைக்கு இப்படி ஒரு பொது விதி இன்னும் இல்லை. ஒதுக்கீட்டுச் சண்டையை விட இந்த விதிக்காகச் சண்டை போட்டிருந்தால் பலன் அதிகம் என்பேன்.

இனி, இந்தப் பகுதியில் பலருக்கும் தெரியாத விஷயம். தனியார் ஆலைக்குள்ளும் சட்டப்படியான ஒதுக்கீடு இருக்கிற ஓர் இடம் உண்டு: தொழிற்பழகுநர் பயிற்சி, நாம் சொல்லும் அப்ரண்டிஸ். தொழிற்பழகுநர் சட்டம் 1961-ன் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும் என்கிறது. எத்தனை என்பது மாநிலத்தில் அவர்களது மக்கள்தொகையை ஒட்டியது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 3பி பிரிவு. அரசு, தனியார் என்ற வேறுபாடு இதில் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால், மொத்தத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 400 பேர் உள்ள ஆலை என்றால் குறைந்தது 10 பேர்.

இதில் இரண்டு பள்ளங்கள். "டிரெயினி" என்று பேர் வைத்து, அப்ரண்டிஸ் ஒப்பந்தமே போடாமல் உற்பத்தியில் நிறுத்துவது ஒன்று. உங்கள் ஒப்பந்தம் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, பதிவு எண் என்ன என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். பதிவு இல்லையென்றால், நீங்கள் உண்மையில் அப்ரண்டிஸா, குறைந்தபட்சக் கூலிக்கு உரிய தொழிலாளியா என்று கேள்வி எழுப்பலாம். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது இன்னொன்று. எடுப்பதற்கான கொள்கையை நிறுவனம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் 22-வது பிரிவு சொல்கிறது. அந்தக் கொள்கையை எழுத்தில் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. ஒதுக்கீடு இல்லாமல் ஆள் எடுத்திருந்தால் புகார் போக வேண்டியது மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கும், கிண்டியில் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும்.

மற்றப் புகார்களுக்கு வழி வேறு வேறு. பெண் என்பதற்காக மறுத்தால் தொழிலாளர் துறை. சாதிக்காக என்றால் காவல் நிலையம். அங்கே வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட். 14566 என்ற தேசிய உதவி எண்ணும் மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையமும் உண்டு. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் பணம் வாங்கி ஏமாற்றினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின்படி அது மோசடி. கையில் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதுவே ஆதாரம். கொடுக்காமலே இருப்பது அதைவிட நல்லது. வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

தனியார் கம்பெனியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அதற்கு நிலம் கொடுத்த சிப்காட்டிடம் கேட்கலாம், அப்ரண்டிஸ் கணக்கு வைத்திருக்கும் அரசு அலுவலகத்திடமும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இப்படி எழுதினால் போதும்: "தேர்வாய்கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் கடந்த ஆண்டு எத்தனை தொழிற்பழகுநர்களைச் சேர்த்தன, அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர்? நில ஒதுக்கீட்டு ஆணையில் உள்ளூர் வேலைவாய்ப்பு குறித்து நிபந்தனை உள்ளதா? இருந்தால் நகல் தரவும்." 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த கடிதம்.