கண்புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்

"புரை இன்னும் முத்தலை, முத்தினதும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று நாளைக் கடத்தும் பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள். மங்கிய பார்வையோடு படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறவர்களும் அவர்களில் உண்டு.

அந்தக் காலத்து நியாயம்

அன்று கண்ணின் லென்ஸை உறையோடு முழுதாக எடுத்தார்கள். பெரிய வெட்டு, தையல், பல நாள் படுக்கை. பிறகு ஆயுளுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. பார்வை அநேகமாகப் போன பிறகே அதற்குத் துணிவது சரியாகத்தான் இருந்தது. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தினார். அது நம் ஊர் ஏழைகளுக்கு எட்டப் பல்லாண்டுகள் ஆயின. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற தன் தயாரிப்புக்கூடத்தின் வழியாக லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. இன்று அரசு மருத்துவமனைகளில் லென்ஸோடு அறுவை சிகிச்சை இலவசம்.

இப்போது காத்திருந்தால் என்ன ஆகும்?

புரை இறுக இறுக அதை உடைத்தெடுப்பது கடினம். 'ஃபேக்கோ' முறையில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை வழியே மீயொலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சுகிறார்கள். கல்லாய் இறுகிய புரைக்கு அதிர்வு கூடுதலாக வேண்டும். கருவிழிக்கு அது நல்லதல்ல. முற்றிய புரை வீங்கி, கண்ணழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு வருகிறவர்களும் உண்டு. அந்த நிலையில் போன பார்வை முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க வரும். கண் தெளிந்துவிட்டதென்று வீடே மகிழும். பெரும்பாலும் அது புரை லென்ஸின் நடுவில் தடிப்பதன் அடையாளம். கொஞ்ச நாளில் அதுவும் மங்கிவிடும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. தேன், தாய்ப்பால், மூலிகைச் சாறு என்று கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். கிருமி சேர்வதுதான் மிச்சம்.

அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டதா? எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறதா? அதுதான் நேரம்.

மருத்துவரிடம் மறைக்காமல்

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். விட்டுப்போவது புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் மாத்திரை. டாம்சுலோசின் போன்ற மருந்துகள் கண்பாப்பாவைச் சரியாக விரிய விடாமல், சிகிச்சையின்போது சிக்கல் உண்டாக்கும். எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அது பழுதுபட்டிருந்தால் புரையை எடுத்தாலும் எதிர்பார்த்த தெளிவு கிடைக்காது.

சிகிச்சைக்குப் பிறகு

பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். சொட்டு மருந்தைச் சில வாரங்களுக்கு, சொன்ன கணக்கில் விட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான். கண்ணைக் கசக்கக் கூடாது. மருத்துவர் சொல்லும் நாள்வரை தலைக்குக் குளிப்பது, அடுப்புப் புகையில் நிற்பது வேண்டாம்.

லேசான உறுத்தலும் நீர் வடிதலும் இயல்பு. வலி கூடினாலோ, கண் சிவந்து சீழ் வந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி குறைந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்திருந்தால் சில மணி நேரத் தாமதமே பார்வையைப் பறித்துவிடும்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்ல மங்கினால், 'புரை திரும்ப வந்துவிட்டது' என்று அஞ்ச வேண்டாம். லென்ஸைத் தாங்கும் உறையின் பின்பக்கம் மங்கலாவதால் அப்படி ஆகும். வெட்டு இல்லை, ஊசி இல்லை. சில நிமிட லேசரில் சரியாகிவிடும்.